கல்லாவுக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று, சட்டைப் பைக்கு ஒன்று



நம் வியாபாரிகள் நாலு பேர் கூடுமிடத்தில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. "இந்தத் திறன்பேசியை ஒழித்துவிட்டுப் பழைய பட்டன் போனுக்கே போய்விடலாம் போலிருக்கிறது" என்கிறார் ஒருவர். "போகலாம்தான், ஆனால் பேநவ் பணம் வந்ததா இல்லையா என்று எதில் பார்ப்பீர்?" என்று மற்றவர் மடக்குகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள்; பேச்சு அத்தோடு நின்று விடுகிறது.

ஆனால் இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமன்று. முதல் சகோதரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டாமவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு நியாயமும் கெடாமல் நடந்து கொள்ள வழியுண்டா என்பதை இப்பாடத்தில் சற்று நிதானமாக ஆராய்வோம்.

ஒன்றுக்குள் எல்லாம் புகுந்த கதை

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் கடைகளில் என்னென்ன இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். பேசுவதற்குத் தொலைபேசி. கணக்குக்குக் கால்குலேட்டர். பற்று வரவுக்குப் பேரேடு. பாட்டுக்கும் பயானுக்கும் ஒலிநாடாப் பெட்டி. நேரத்திற்குச் சுவர்க் கடிகாரம். தொழுகை வக்துக்குப் பள்ளிவாசலில் கொடுத்த அச்சிட்ட அட்டவணை. ஒவ்வொன்றும் தனித்தனியே இருந்தது; தன் வேலையைச் செய்துவிட்டுச் சும்மா இருந்தது.

தனிப் பாட்டுக் கருவியின் வரலாற்றில் நம் சிங்கப்பூருக்குப் பெரிய பங்குண்டு என்பதை இளைஞர்கள் பலர் அறியார். 1981ஆம் ஆண்டு சைனாடவுனில் பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் ஒரு சிறு கணினிப் பழுதுபார்ப்புக் கடையாகத் தொடங்கியது கிரியேட்டிவ் டெக்னாலஜி. தொடங்கியவர் சிம் வோங் ஹூ. அந்நிறுவனம் 2000ஆம் ஆண்டில் "நோமட் ஜூக்பாக்ஸ்" என்னும் கருவியை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான பாட்டுகளைக் கையில் தூக்கிச் செல்லலாம் என்று அது காட்டியது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் வந்தது அதற்கு மறு ஆண்டு, 2001 அக்டோபரில். பாட்டுகளைப் பட்டியலிட்டுத் தேடும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்த கிரியேட்டிவ் வழக்குத் தொடுத்தது. 2006 ஆகஸ்டில் ஆப்பிள் 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்துச் சமாதானம் செய்து கொண்டது. கடை வைத்துத் தொடங்கிய ஒருவர் உலகப் பெருநிறுவனத்தோடு நியாயம் பேசி வென்ற அச்செய்தி நம் போன்ற கடைக்காரருக்கு இனிப்பான செய்தியன்றோ!

பின்னர் திறன்பேசி வந்தது. கால்குலேட்டரும், கடிகாரமும், பாட்டுப் பெட்டியும், பேரேடும், வங்கியும் அதற்குள் புகுந்தன. தனிக் கருவிகளுக்கு வேலையில்லாமற் போயிற்று. 2022 மே மாதத்தில் ஆப்பிள் தன் கடைசி ஐபாடையும் நிறுத்தியது. சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார்.

எல்லாம் ஒரே கருவியில் என்பது இலாபம் போலத்தான் தோன்றுகிறது. வாங்கும் விலையைப் பார்த்தால் இலாபம்தான். ஆனால் வியாபாரி அடக்க விலையை மட்டும் பார்ப்பவனல்லன். சேதாரத்தையும் சேர்த்துப் பார்ப்பவன். சேதாரம் எங்கே என்று இனிப் பார்ப்போம்.

முதற் சேதாரம்: முன்னால் நிற்பவர்

மணி பார்க்கலாம் என்று திறன்பேசியை எடுக்கிறோம். மணியின் கீழே ஊரிலிருந்து வந்த செய்தி நிற்கிறது. அதைத் திறந்தால் அதன் கீழே ஒரு படக்காட்சி. அது முடிவதற்குள் அடுத்தது. கால் மணி நேரம் கழித்துத் தலை நிமிர்ந்தால் மணி என்னவென்று பார்க்கவேயில்லை! இது நம் மனத்தின் பலவீனம் மட்டுமன்று. கருவியின் அமைப்பே அப்படி. விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்து கொண்டேயிருக்கும் பக்கத்தை 2006ஆம் ஆண்டில் வகுத்தவர் அசா ராஸ்கின் என்னும் அமெரிக்கர். அதனால் மக்களின் காலம் வீணாவதைக் கண்டு அவரே பின்னாளில் பகிரங்கமாக வருந்தியிருக்கிறார். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. ஒலிநாடாவுக்கு இரண்டாம் பக்கம் முடிந்தால் "டக்" என்று நிற்கும் இடம் உண்டு. இதற்கு மட்டும் கரையே இல்லை.

தேக்காவிலோ கேம்பல் லேனிலோ ஐந்தடியில் நடந்து பாருங்கள். வாடிக்கையாளர் ஒருவர் பொருளைக் கையில் எடுத்துக் கொண்டு நிற்கிறார். கடைக்காரர் தலையைக் குனிந்தபடி விலையைச் சொல்கிறார். விலை சரியான விலைதான். சரக்கும் நல்ல சரக்குதான். ஆனால் வந்தவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அவர் அடுத்த தடவை எங்கே போவார்? முகம் பார்க்காத வியாபாரம் வேண்டுமானால் அவர் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் வாங்கிக் கொள்ளலாமே! நம்மிடம் வருவதே "வாங்க அத்தா, உம்மா சுகமா?" என்று கேட்கும் ஒரு வாய்க்காகத்தான். பெரிய கடைகளிடமும் இணையக் கடைகளிடமும் இல்லாத ஒரே முதல் நம்மிடம் உள்ளது அதுதான். அந்த முதலையும் கண்ணாடித் துண்டில் கரைத்துவிட்டால் கையில் மிஞ்சுவது என்ன?

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். கையில் பல வேலை வைத்திருக்கும் கருவியும் அப்படித்தான்; அதை எடுத்தவன் எடுத்த வேலையை முடிப்பதில்லை.

இரண்டாம் சேதாரம்: சேர்த்த பணம்

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டில் மட்டும் மோசடிக்காரரிடம் மக்கள் இழந்தது 110 கோடி வெள்ளிக்கு மேல். காவல்துறை வெளியிட்ட கணக்கு இது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2021 டிசம்பரில், ஓசிபிசி வங்கி அனுப்பியது போல் பொய்க் குறுஞ்செய்திகள் வந்தன. அதிலிருந்த இணைப்பை அழுத்திப் பணத்தை இழந்தவர் சுமார் 790 பேர். இழந்தது 1 கோடியே 37 இலட்சம் வெள்ளி. 2023இல் வேறொரு வகை பரவிற்று: "தள்ளுபடி வேண்டுமா? இந்தச் செயலியை இறக்கிக் கொள்ளுங்கள்" என்று விளம்பரம். இறக்கியதும் அது திறன்பேசிக்குள் உட்கார்ந்து கொண்டு, உரியவர் உறங்கும்போது வங்கிக் கணக்கைத் துடைத்தது.

இவற்றில் ஒரு பொது அம்சத்தைக் கவனியுங்கள். விளம்பரம் வந்தது எந்தக் கருவியில்? திறன்பேசியில். அதை அழுத்தியது எதில்? அதே கருவியில். வங்கியின் சாவி இருந்தது எங்கே? அதே கருவிக்குள். வழிப்போக்கர் வந்து போகும் ஐந்தடியிலேயே இரும்புப் பெட்டியை வைத்து, சாவியையும் அதிலேயே தொங்கவிட்டது போலல்லவா இது! நம் முன்னோர் கல்லாப்பெட்டியைக் கடைமுன் வைத்தார்கள். சேர்த்த பணத்தை உள்ளறையில் வைத்தார்கள். இரண்டையும் ஒன்றாக்கவில்லை.

பணம் மட்டுமன்று, நாம் இருக்கும் இடமும் விலை போகிறது. 2020 நவம்பரில் "மதர்போர்டு" என்னும் அமெரிக்கப் பத்திரிகைப் பிரிவு ஒரு செய்தி வெளியிட்டது. சிங்கப்பூரில் உருவாகி உலகமெங்கும் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் இறக்கிக் கொண்ட முஸ்லிம் புரோ என்னும் தொழுகை நேரச் செயலியிலிருந்து, பயனீட்டாளர் இருக்குமிடம் பற்றிய தகவல் எக்ஸ்-மோட் என்னும் தரகு நிறுவனத்துக்குச் சென்றதாகவும், அத்தரகு நிறுவனத்தின் தகவல் அமெரிக்க இராணுவத் தரப்பு ஒப்பந்தக்காரர்களைச் சென்றடைந்ததாகவும் அச்செய்தி கூறிற்று. இராணுவத்துக்குத் தாங்கள் எதையும் விற்கவில்லையென்று முஸ்லிம் புரோ மறுத்தது. எக்ஸ்-மோட்டுடன் இருந்த தொடர்பையும் உடனே துண்டிப்பதாக அறிவித்தது. நாம் இதிலிருந்து எடுத்துக் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே. வக்து பார்க்க எடுத்த கருவி, நாம் எங்கே நிற்கிறோம் என்பதையும் யாருக்கோ சொல்லக்கூடியது. சுவரில் ஒட்டிய அட்டவணை யாருக்கும் எதையும் சொல்வதில்லை.

அப்படியானால் அடியோடு விட்டுவிடலாமா?

முடியாது. சிங்கப்பூரில் கடை நடத்துபவருக்கு அது ஆகிற காரியமன்று. பேநவ் 2017 ஜூலையில் வந்தது. நிறுவனங்களுக்கான பேநவ் 2018இல் வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் எல்லாப் பணச் செயலிகளுக்கும் பொதுவான எஸ்ஜிகியூஆர் சின்னமும் வந்தது. சிடிசி பற்றுச்சீட்டுகள் 2021 டிசம்பரிலிருந்து மின்னியல் வடிவில் வருகின்றன. அவற்றை வாங்கிக் கொள்ளும் கடைக்காரர் திறன்பேசியைக் கொண்டுதான் ஸ்கேன் செய்ய வேண்டும். அரசாங்கக் காரியங்களுக்குச் சிங்பாஸ். இவையெல்லாம் இருக்கும்போது "எனக்குத் திறன்பேசியே வேண்டாம்" என்பவர், கடைக்கு வருகிற காசை வேண்டாம் என்பவராவார்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசாங்கமே, எல்லாவற்றையும் திறன்பேசிக்குள் திணித்தால் சிலர் வெளியே நின்று விடுவர் என்பதை உணர்ந்து, தனிக் கருவிக்கு இடம் விட்டிருக்கிறது. கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சில் டிரேஸ்டுகெதர் செயலி வந்தது. திறன்பேசி இல்லாத முதியவர்களுக்காக அவ்வாண்டு ஜூன் இறுதியில் சிறு டோக்கன் கருவி வழங்கத் தொடங்கினர். செப்டம்பர் முதல் எல்லோருக்கும் கொடுத்தனர். அதற்கு இணையமும் இல்லை, திரையும் இல்லை, ஒரே வேலை. திறன்பேசி வைத்திருந்தவர்களிலும் எத்தனையோ பேர் அந்த டோக்கனையே கழுத்தில் மாட்டிக் கொண்டு திரிந்தது நமக்கு நினைவிருக்கும். அதுபோலவே 2024 ஜனவரியில், பழைய ஈசி-லிங்க் பயண அட்டைகளை நிறுத்திப் புதிய முறைக்கு மாற்றப் போவதாக அறிவித்தார்கள். மீதிப் பணத்தை அட்டை தட்டுமிடத்திலேயே பார்க்க முடியாது, செயலியில் பார்க்க வேண்டும் என்றதும் மக்கள் ஒப்பவில்லை. அம்மாதம் 22ஆம் தேதியே முடிவை மாற்றி, 4 கோடி வெள்ளி கூடுதலாகச் செலவிட்டுப் பழைய முறையையும் தொடர்ந்தார்கள். சிடிசி பற்றுச்சீட்டையும் சமூக மன்றத்தில் தாளில் அச்சடித்து வாங்கிக் கொள்ள வழி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கேள்வி "திறன்பேசி வேண்டுமா, வேண்டாமா" என்பதன்று. "எந்த வேலை எந்தக் கருவிக்கு, அக்கருவி எந்த இடத்தில்" என்பதே கேள்வி. சரக்கை இனம் பிரித்து அடுக்கத் தெரிந்த நமக்கு இது கடினமா?

பிரித்து வைக்கும் முறை

முதலாவது, கல்லாவுக்கு ஒன்று. இது கடையின் சொத்து. தராசு எப்படிக் கடையை விட்டு நகராதோ அப்படி இதுவும் நகரக் கூடாது. கடையின் வியாபாரக் கணக்குக்குரிய வங்கிச் செயலி, பற்றுச்சீட்டு ஸ்கேன் செய்யும் செயலி, வாடிக்கையாளர் பட்டியல் அனுப்பும் வாட்ஸ்அப், இவ்வளவே இதில் இருக்கலாம். கல்லாவில் ஒட்டும் பேநவ் சின்னத்தை முதலாளியின் சொந்தத் தொலைபேசி எண்ணோடு இணைக்காமல், கடையின் பதிவு எண்ணோடு இணைப்பது நலம். முதலாளி ஊருக்குப் போனாலும் கடைப் பணம் கடைக் கணக்கிலேயே வந்து விழும். வாடிக்கையாளர் தம் திரையைக் காட்டிப் "பணம் போட்டுவிட்டேன்" என்றால், கல்லாக் கருவியில் வரவு விழுந்ததா என்று பார்த்த பிறகே சரக்கைக் கொடுக்க வேண்டும். பொய்ப் படம் காட்டுவோரும் உண்டு.

இரண்டாவது, அலமாரிக்கு ஒன்று. இது முதலாளியின் சொந்தத் திறன்பேசி. சிங்பாஸும், குடும்பச் சேமிப்பு இருக்கும் வங்கியின் செயலியும் இதில்தான் இருக்கும். 2024 ஜூலையில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்தபடி, செயலிக்குள்ளேயே டோக்கன் வைத்திருப்போர் கணக்கில் நுழையக் குறுஞ்செய்திக் கடவெண் முறை கைவிடப்பட்டது. எனவே கருவியே சாவியாகிவிட்டது. சாவியை ஐந்தடியில் ஆட்டிக் கொண்டு திரியலாமா? இது வீட்டில் இருக்கட்டும். பிள்ளைகள் விளையாட இதைக் கொடுக்கலாகாது. புதிய செயலி எதையும் இதில் ஏற்றலாகாது. சேமிப்பின் பெரும்பகுதியைப் பூட்டி வைக்க 2023 நவம்பர் முதல் டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி ஆகிய மூன்று வங்கிகளிலும் வசதி இருக்கிறது. பூட்டிய பணத்தைத் திறன்பேசி வழியே யாரும் எடுக்க முடியாது. அதைச் செய்து கொள்வது இன்னும் நலம்.

மூன்றாவது, சட்டைப் பைக்கு ஒன்று: பட்டன் போன். அழைக்கவும், அழைத்தால் எடுக்கவும், குறுஞ்செய்தி பார்க்கவும் மட்டும். எல்லோருக்கும் தெரிந்த பழைய எண் இதில் இருக்கட்டும். வாட்ஸ்அப் அதே எண்ணில் அலமாரிக் கருவியில் தொடரலாம். பதிவு செய்யும்போது ஒரு தடவை வரும் எண்ணைப் பட்டன் போனில் பார்த்து அதில் அழுத்தினால் போதும். அதன் பிறகு அது வீட்டு வைஃபையில் ஓடும்.

தனியாள் நடத்தும் சிறு கடைக்கு இரண்டு திறன்பேசி கட்டாது என்பவர், இருக்கும் ஒன்றைக் கல்லா இழுப்பறையில் பூட்டி வைத்துக் கொண்டு, சேமிப்பை மேற்சொன்னபடி வங்கியில் பூட்டிவிட்டால் போதும். பைக்குள் பட்டன் போன் என்பது மட்டும் மாற வேண்டாம்.

பட்டன் போன் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "ஊரில் என் பழைய போன் கிடக்கிறது, கொண்டு வந்து போட்டுக் கொள்கிறேன்" என்பார்கள். அது இங்கே பேசாது. காரணம் இதுதான். சிங்கப்பூரில் இரண்டாம் தலைமுறை அலைவரிசைச் சேவை 2017 ஏப்ரல் 1 முதல் நிறுத்தப்பட்டது. மூன்றாம் தலைமுறைச் சேவையை நிறுத்தும் பணி 2024இல் தொடங்கிற்று. தமிழ்நாட்டிலோ இரண்டாம் தலைமுறை இன்னும் ஓடுகிறது. ஆகவே அங்கே பேசும் கருவி இங்கே ஊமையாகிவிடும். புகழ்பெற்ற நோக்கியா 3310 போன் 2017 பிப்ரவரியில் புது வடிவில் அறிமுகமானபோது, அந்த முதல் வகை இரண்டாம் தலைமுறைக்கு மட்டுமே உரியதாயிருந்தது. இங்கே அச்சேவை நின்றதோ அடுத்த ஒன்றரை மாதத்தில்! ஊரில் மலிவாகக் கிடைத்த ஜியோபோன் நான்காம் தலைமுறைதான். ஆனால் அது ஜியோ சிம்முக்கென்றே பூட்டப்பட்டது.

நான்காம் தலைமுறையிலும் ஒரு நுட்பம் உண்டு. முன்னெல்லாம் பேச்சு தனி வழியாகப் போயிற்று. நான்காம் தலைமுறையில் பேச்சும் இணையத் தகவல் போலவே பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. இதற்கு "வோல்ட்டி" என்று பெயர். கருவியில் இவ்வசதி இருக்க வேண்டும். நம் சிம் நிறுவனம் அக்கருவியை ஏற்கவும் வேண்டும். இல்லையேல் திரையில் அலைவரிசைக் கோடு முழுதாகத் தெரியும், அழைப்பு மட்டும் போகாது. ஆகையால் சையத் ஆல்வி சாலையில் வாங்கினாலும் சிம் லிம் சதுக்கத்தில் வாங்கினாலும், நம் சிம்மை அங்கேயே போட்டு ஒரு தடவை அழைத்துப் பேசிப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். அவசரத்தில் 995ஐ அழைக்க வேண்டிய கருவி இது. பேசாவிட்டால் விளையாட்டுப் பொருள்தான்.

மற்றவை சிறு விஷயங்கள். தமிழில் வரும் குறுஞ்செய்தி எழுத்தாகத் தெரிகிறதா, கட்டம் கட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். எண்கள் பெரிதாக இருக்கின்றனவா, மின்கலத்தைக் கழற்றி மாற்றலாமா, எஃப்.எம். வானொலி உண்டா என்றும் பாருங்கள். விலை பெரும்பாலும் நூறு வெள்ளிக்குள் அடங்கும்.

பாட்டுக் கருவியின் கணக்கு

கேட்பதற்கு ஒரு தனிக் கருவி எதற்கு என்பீர்கள். திறன்பேசியில் கேட்டால் நடுவே செய்தி வந்து குறுக்கிடும். செய்தியைப் பார்த்தால் கேட்டது போயிற்று. தனிக் கருவியில் கேட்பது மட்டுமே நடக்கும்.

கணக்கைப் பாருங்கள். எம்.பி.3 ஒலியை நடுத்தரத் தரத்தில், அதாவது ஒரு நொடிக்கு 128 கிலோபிட் என்னும் அளவில் பதிந்தால், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 58 மெகாபைட் இடம் பிடிக்கும். 32 கிகாபைட் கொண்ட சிறு அட்டையில் 550 மணி நேரம் அடங்கும். குர்ஆன் ஷரீஃபின் ஒரு ஜுஸ்உவுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக் கொண்டாலும், முப்பது ஜுஸ்உவும் இரண்டு கிகாபைட்டுக்குள் முடிந்துவிடும். மிச்ச இடத்தில் ஆலிம்களின் பயான், நாகூர் ஹனிபா அவர்களின் பாடல்கள், பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம் என்று எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு மாதத்துக்கு வேண்டியதைக் கணினி தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து ஏற்றி வாங்கிக் கொண்டால் போதும். பெற்றோர் என்ன கேட்கிறார்கள் என்பது பிள்ளைக்கும் தெரிந்து போகும். அதுவும் ஒரு நன்மையே.

பட்டன் போனிலேயே இத்தகைய அட்டைக்கு இடமிருந்தால் தனிக் கருவிகூட வேண்டாம். ஒலி 96.8 வானொலி கேட்பதற்கும் அதுவே போதும். பெரும்பாலான கருவிகளில் காதுக்கம்பியே வானொலியின் அலைவாங்கியாதலால், கம்பியைச் செருகினால்தான் நிலையம் தெளிவாகக் கிடைக்கும்.

எழக்கூடிய ஆட்சேபனைகள்

"ஊரில் மனைவி மக்கள் இருக்கிறார்கள்; முகம் பார்த்துப் பேச வேண்டாமா?" கட்டாயம் வேண்டும். நம்மவரில் எத்தனையோ பேருக்குக் குடும்பம் கடையநல்லூரிலும் தென்காசியிலும் கூத்தாநல்லூரிலும் இருக்கிறது. அந்த முகம் பார்க்கும் நேரம் விலை மதிப்பற்றது. ஆதலால்தான் அதைக் கல்லாவில் நின்று கொண்டு, ஒரு கண் வாடிக்கையாளர் மேலும் ஒரு கண் பிள்ளை மேலுமாகச் செய்யக் கூடாது என்கிறோம். இரவு கடை மூடிய பின், அலமாரிக் கருவியை எடுத்து, உட்கார்ந்து, அரை மணி நேரம் முழுதாகப் பேசுங்கள். அவசரமென்றால் வீட்டார் பட்டன் போனுக்கு நேரடியாக அழைப்பார்கள். அதை மட்டும் முன்பே சொல்லி வையுங்கள்.

"சரக்குப் போடுகிறவர் படம் அனுப்புகிறாரே?" நம் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு நாள் நாம் வெளியே இருந்தபோது லாரிக்காரர் அழைத்தார்.

"முதலாளி, போட்டோ அனுப்பிச்சிருக்கேன், பாருங்க."

"நம்ம கையில பட்டன் போன்தான் இருக்கு தம்பி. வாயால சொல்லுங்க."

"அரிசி மூட்டை நனைஞ்சு போச்சு."

"எத்தனை?"

"மூணு."

"அந்த மூணைத் திருப்பிடுங்க. மத்ததை இறக்குங்க."

அரை நிமிடத்தில் காரியம் முடிந்தது. படத்தைப் பார்த்து, பெரிதாக்கி, பதில் எழுதியிருந்தால் இதைவிட நேரமாகியிருக்கும்.

"மோசடிக்காரன் பட்டன் போனுக்கும் அழைப்பானே?" உண்மை. அதிகாரி போல் பேசி ஏமாற்றுவோருக்கு எந்தப் போனும் ஒன்றுதான். பட்டன் போன் தாயத்தன்று. ஆனால் இரண்டு குறிப்புகளை நினைவில் வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கு முன்னால் 2020 முதல் கூட்டல் குறி காட்டப்படுகிறது. உள்ளூரிலிருந்து பேசுவதாகச் சொல்லும் அழைப்பில் +65 என்று வந்தால் எச்சரிக்கை கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் உடனே அழைப்பைத் துண்டித்து, மோசடி உதவி எண்ணான 1799ஐ அழைத்துக் கேளுங்கள். அதற்குச் செயலி வேண்டியதில்லை. பட்டன் போனே போதும். மேலும், பைக்குள் இருக்கும் கருவியில் வங்கியே இல்லாததால், வாயால் மயங்கினாலும் வீடு போய் அலமாரியைத் திறக்கும் வரை அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தில் எத்தனையோ பேருடைய புத்தி தெளிந்துவிடும்.

"பிரயாணத்தில் என்ன செய்வது?" உம்ரா போகிறவருக்கு ரவ்ளா ஷரீஃபில் அனுமதி பெற நுசுக் செயலி வேண்டியிருக்கிறது. அத்தகைய பயணத்தில் திறன்பேசியை எடுத்துக் கொண்டுதான் போக வேண்டும். உள்ளூரில் பேருந்துக்கும் ரயிலுக்கும் பயண அட்டை போதும்.

"நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" இதுதான் பலருடைய உண்மையான ஆட்சேபனை, வாயால் சொல்ல மாட்டார்கள். கல்வி அமைச்சு 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசியைப் பயன்படுத்தக் கூடாதென்று விதித்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாடசாலையில் நல்லதென்று நாம் ஒப்புக் கொள்வது, பெரியவர்களுக்குக் கடையில் மட்டும் எப்படிக் கௌரவக் குறைவாகும்?

செய்து பார்க்க ஒரு பயிற்சி

எதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதல் ஏழு நாள் ஒரு துண்டுத் தாளைக் கல்லாவில் வையுங்கள். திறன்பேசியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள். வியாபாரத்துக்காக எடுத்தால் வலப்பக்கம், சும்மா எடுத்தால் இடப்பக்கம். ஏழாம் நாள் இரவு கணக்குப் பாருங்கள். பற்று வரவு பார்த்துப் பழகிய நமக்கு அந்தத் தாள் சொல்லும் செய்தியை வேறொருவர் விளக்க வேண்டியதில்லை. இடப்பக்கம் கனத்திருந்தால் பட்டன் போன் வாங்குங்கள். வலப்பக்கம் கனத்திருந்தால் உங்களுக்கு இப்பாடம் தேவையில்லை. உங்களிடமிருந்து நாம்தாம் கற்றுக் கொள்ள வேண்டும்.

வாங்கிய பிறகு முதல் இரண்டு மூன்று நாள் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். எடுத்துப் பார்த்தால் அதில் பார்க்க ஒன்றுமிராது. கை வெட்கப்பட்டுத் திரும்பும். நாளடைவில் அது நின்றுவிடும். அப்போது கடை வாசலில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், எந்தச் சரக்கை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதெல்லாம் கண்ணில் படத் தொடங்கும். நம் வாப்பாமார்கள் வியாபாரம் கற்றது அப்படிப் பார்த்துத்தான்.